ஆற்றின் மேல் ஒரு ரன்வே

(சென்னை விமான நிலையத்தில் ரன்வே விளக்குகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: ஊர்ப் பெயர் மாறி இத்தனை வருடமாகியும் லக்கேஜில் ஒட்டும் சீட்டில் 'எம்ஏஏ' என்றே அச்சாகிறதே? - வாசகி, திருச்சி

ப: அது மெட்ராஸ் காலத்துக் குறியீடு. 1996-ல் ஊர் சென்னை ஆனது, குறியீட்டைத் தொடவில்லை. மும்பைக்கும் இன்னும் 'பிஓஎம்'தான். எனக்கு இதில் சந்தோஷமே. 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து கிளம்பிய டாடா தபால் விமானத்துக்குக் கடைசி ஊர் மெட்ராஸ். பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டி வந்தார். அங்கிருந்து பல்லாரி வழியாகக் கடிதங்களை இங்கே கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். அந்த மெட்ராஸ் மூன்று எழுத்தாகவாவது இருக்கட்டும்.

கே: இறங்குவது திரிசூலத்தில், சொல்வது மீனம்பாக்கம். ஏன்? - வாசகர், மதுரை

ப: பழைய டெர்மினல் மீனம்பாக்கம் பக்கம் இருந்தது. இப்போது அங்கே கார்கோ. பயணிகள் டெர்மினல்கள் 1980-களில் திரிசூலம் ஸ்டேஷனுக்கு எதிரே வந்துவிட்டன. வாயில் பழகிய பெயர் மட்டும் இடம் மாறவில்லை.

கே: எங்கள் வீட்டுக்கு மேலே சில மாதங்கள் விமானம் தாழ்வாக இறங்குகிறது. சில மாதங்கள் ஏறித்தான் போகிறது. என்ன கணக்கு? - வாசகி, பம்மல்

ப: காற்றுதான் கணக்கு. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும், எதிர்காற்றில்தான் ஏறும். நம் மெயின் ரன்வேயின் நீளம் 3,658 மீட்டர். ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் ஏறக்குறைய 70 டிகிரி, 250 டிகிரி என்று அர்த்தம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்கி, உங்கள் தலைக்கு மேலே ஏறிப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்ததும் எல்லாம் தலைகீழ். கோடையில் ஒரே நாளில்கூட மாறும். காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, மதியம் கடல்காற்று எழுந்ததும் திரும்பிவிடும். ரன்வே ஓரத்தில் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய் ஒன்று கம்பத்தில் தொங்கும். அது தொய்ந்து, ஒரு தடவை சுருண்டு, சட்டென்று மறுபக்கம் உப்பி நிற்பதை எத்தனையோ நாள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

கே: அடையாற்றின் மேலேயே ரன்வே போகிறதாமே? - வாசகர், தாம்பரம்

ப: உண்மைதான். இரண்டாவது ரன்வேயை நீட்ட வேண்டியிருந்தது, நீட்ட நிலம் எங்கே? ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும். அந்தாண்டை மலை. சுற்றிலும் வீடுகள். கடைசியில் ஆற்றின் மேல் பாலம் போட்டு, ரன்வேயை அக்கரைக்குக் கொண்டு போனார்கள். அபாரமான வேலை. ஆனால் ஆற்றுக்கு அதன் இடம் வேண்டுமே! 2015 டிசம்பர் 1 இரவு, அடையாற்று வெள்ளம் உள்ளே வந்துவிட்டது. விமான நிலையத்தையே மூடினார்கள். பயணிகளை அரக்கோணம் கடற்படைத் தளம் வழியாக அனுப்பினார்கள். இங்கே பயணிகள் விமானம் மறுபடி வந்தது 6-ம் தேதிதான்.

தண்ணீர் வடிந்த பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கண்ணாடிக்குள் சேறு, புல், ஒன்றில் குட்டி நத்தை. துடைத்து மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் ஓரம் முழுக்க வெள்ளை வெளிச்சம் கோடு கட்டி நின்றது. அன்று யாரும் சாப்பிடப் போகவில்லை.