அடுத்த வாரம் என்ன உத்தரவு வரும் என்று பொறுப்பாளருக்கே தெரியாதபோது செவிலியர் குழுவை எப்படி நடத்துவது?

உத்தரவுகள் வாரத்திற்கு ஒரு முறை மாறுகின்றன என்றும், உங்களுக்கே எதுவும் உறுதியாகத் தெரியாத நிலையில் உங்களுக்குக் கீழ் பணிபுரியும் செவிலியர்களுக்கு எப்படித் தைரியம் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியை வைத்து, நீங்கள் அண்மையில்தான் பொறுப்புக்கு வந்தவர் என்றும், குழுவில் சிலராவது உங்களைவிட அனுபவத்தில் மூத்தவர்கள் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மேலாண்மை படித்தவள் அல்ல. நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியர்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள். அந்தப் பொறுப்பில் நான் செய்த ஒரு தவறு இன்றும் மனத்தை உறுத்துவதால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

2021ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது முதலில் போட்டுக்கொண்டவர்கள் எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்கள்தான். எங்களுக்கு இரண்டாவது ஊசி 28 நாள் கழித்து என்றார்கள், அப்படியே போட்டுக்கொண்டோம். மார்ச் மாதக் கடைசியில் கோவிஷீல்டு தடுப்பூசிக்கு அந்த இடைவெளி ஆறு முதல் எட்டு வாரம் என்று மாறியது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 45 வயதைக் கடந்த அனைவருக்கும் ஊசி என்று அறிவித்ததும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கும் பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினர் வாழும் காலனிகளுக்கும் எங்கள் செவிலியர்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் காலமானார். அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள் என்றாலும், செவிலியரைத் தொலைவில் கண்டதுமே ஆட்கள் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி மறைந்துகொண்ட நாட்கள் அவை.

அந்த வாரத்துக் கூட்டத்தில்தான் ஒரு செவிலியர் எழுந்து, "அம்மா, ஒரு முறை மாறின தேதி இன்னொரு முறையும் மாறாதா? நான் அட்டையில தேதி எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் அந்த ஜனங்ககிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. ஆனால், தெரியாது என்று சொன்னால் இருபது பேரும் தளர்ந்துபோவார்கள் என்று பயந்து, "இனி மாறாது, தைரியமாக எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். என் வார்த்தையை நம்பி, காலனி மக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "நானும் போட்டுக்கிட்டேன், 28 நாள்ல ரெண்டாவதும் போட்டுக்கிட்டேன், பாருங்க நல்லாத்தான் இருக்கேன்" என்று தன்னையே சான்றாகக் காட்டி அவர் பேசினார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டினார்கள். ஜூன் முதல் வாரத்து நாள் ஒன்றை ஒவ்வோர் அட்டையிலும் அவரே எழுதினார்.

மே 13 அன்று இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று மாறியது. இங்கிலாந்தில் கிடைத்த நடைமுறைச் சான்றுகளை வைத்து எடுத்த முடிவு என்றார்கள். அதில் குறை காண எனக்குத் தகுதியில்லை, இந்தப் பதிலைத் தடுப்பூசிக்கு எதிரான பேச்சாக யாரும் திரிக்கவும் வேண்டாம். ஆனால் காலனியில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். "நீ மட்டும் 28 நாள்ல போட்டுக்கிட்ட, எங்களுக்கு மூணு மாசமா? எங்களை வெச்சு சோதனை பாக்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். எந்த வார்த்தையால் அந்தச் செவிலியர் அவர்களை நம்ப வைத்தாரோ அதே வார்த்தை அவர்மீது திரும்பியது. மறுநாள் சுகாதார நிலையத்திற்கு வந்து பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு, இனி அந்தக் காலனிக்குப் போக முடியாது என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்றவர்களும் இப்படியே மறுத்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில், எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன்.

அவர் அழவில்லை, வாதாடவும் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அன்று முதல் கூட்டங்களில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் கேட்டால் பதில் வரும், ஆனால் எனக்குப் பிடித்த பதில்தான் வரும். எந்த ஊரில் எதிர்ப்பு இருக்கிறது, யாருக்குக் காய்ச்சல், எந்தச் செவிலியர் வீட்டில் தொற்று என்பதெல்லாம் எனக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் தெரிய வந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் இரண்டு நாள் என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழுவின் பயத்தைவிட அதன் மௌனம் ஆபத்தானது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

மெமோ கொடுத்த அதே வாரத்தில் சரியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது. டவ்தே புயல் அரபிக்கடலில் நகர்ந்தபோது எங்கள் பக்கம் பெருமழை பெய்து, மரங்கள் சாய்ந்து, மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஒரே நேரத்தில் போயின. தடுப்பூசி இருக்கும் குளிர்பதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூடியைத் திறக்காமல் இருந்தால் மின்சாரம் இல்லாமலும் பல மணி நேரம் குளிர் தாங்கும், ஆனால் மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத இரவு அது. மழைக்காலம் வருகிறதே என்று அதற்கு முந்தைய மாதமே மருந்தாளுநரிடம், "வெப்பமானி 7ஐத் தொட்டால் என்னையோ டாக்டரையோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நீங்களே முடிவெடுங்கள், பொறுப்பு என்னுடையது" என்று டாக்டரின் ஒப்புதலோடு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் உறைந்த ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வைத்திருந்து, அதன் பிறகே மின்சாரம் தேவைப்படாத குளிர்பெட்டியில் அடுக்கி மருந்தை அதற்கு மாற்றியிருந்தார். நேராக உறைந்த பேக்குகளோடு வைத்திருந்தால் மருந்து உறைந்து கெட்டிருக்கும். மறுநாள் மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது, மணிக்கு ஒரு முறை குறித்த வெப்பநிலைத் தாளை என்னிடம் நீட்டினார். ஒரு குப்பிகூட வீணாகவில்லை. அவருக்கு மழையைப் பற்றி நான் எந்த உறுதியும் சொல்லியிருக்கவில்லை, எந்த அளவில் அவரே முடிவெடுக்கலாம் என்பதை மட்டும்தான் சொல்லியிருந்தேன். செவிலியர்களுக்கோ பொய்யான உறுதியைக் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காமல் இருந்தேன்.

மே மாதக் கடைசியில் அந்தச் செவிலியரோடு நானும் காலனிக்கு நடந்தேன். "தேதி மாறாதுன்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன். அது எனக்குத் தெரியாமலே சொன்னது. இவங்க உங்களை ஏமாத்தலை" என்று அங்கிருந்த மூத்தவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த தேதியாவது தெரியுமா?" என்று கேட்டார். இன்றைய உத்தரவின்படி ஜூலை நடுவில், மாறினால் நாங்களே நடந்து வந்து சொல்கிறோம் என்றேன். அதன் பிறகு அட்டைகளில் தேதியோடு, "மாறினால் நர்ஸம்மா நேரில் வருவார்" என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

நிலையத்திலும் ஒரு கரும்பலகை வைத்தோம். மாலை ஐந்து மணிக்கு, இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அது எப்போது தெரியவரும் என்று எழுதுவோம். தெரியாதவற்றின் பட்டியல்தான் எப்போதும் நீளமாக இருக்கும். "இப்படி எழுதினால் பணியாளர்கள் மிரண்டு போவார்களே" என்று சிலர் கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டாம் வாரத்திலேயே அந்தப் பட்டியலில் தங்கள் கேள்விகளைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். பிள்ளையை யாரிடம் விட்டு வருவது, ஒப்பந்த ஓட்டுநருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் தொற்று வந்தால் விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்றெல்லாம் எழுதினார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வாரக்கணக்கில் என்னால் பதில் வாங்கித்தர முடியவில்லை. மேலதிகாரிகளின் ஆய்வுக் கூட்டங்களில் இன்று எத்தனை ஊசி என்பதைத் தவிர வேறு எதையும் கேட்க யாருக்கும் நேரமில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இருந்தும், பதில் வராத நாட்களில் அந்த வரியை அழிக்காமல் பலகையிலேயே வைத்திருந்தேன்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் உயிர் போகும் நேரத்தில் பலகை எழுதிக்கொண்டிருக்க முடியாது, அங்கே ஒருவர் உத்தரவிட்டுத்தான் ஆக வேண்டும். நான் சொல்வது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும் நிச்சயமின்மையைப் பற்றி.

அந்தக் காலனியில் ஜூலையில் இரண்டாவது ஊசிக்கு மூன்று பேரைத் தவிர அனைவரும் வந்தார்கள். மெமோவை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். செவிலியரின் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன், அவர் காபி கொடுத்து, "விடுங்கம்மா" என்றார். ஆனால் மெமோவை எல்லோர் முன்னிலையிலும் கொடுத்த நான், மன்னிப்பைத் தனியாகத்தான் கேட்டேன். ஓய்வு பெறும் நாளில் பேசச் சொன்னபோதும் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. உங்கள் குழுவில் நீங்கள் அப்படி மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யாராவது இருந்தால், இந்த வாரக் கூட்டத்திலேயே, மற்றவர்கள் கேட்கச் சொல்லிவிடுங்கள்.