அம்மாவும் ஏறக்கூடிய மலை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

மலைநடை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எங்கள் வீட்டுப் பிரச்சினை கொஞ்சம் வேறு. அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அண்ணனுக்குச் சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது, ஊன்றுகோலோடு நடப்பார். என் பிள்ளைகள் இருவரும் ஓடுகிற வயது. எந்த மலைக்குப் போனாலும் நாங்கள் ஏறுவோம், அம்மாவும் அண்ணனும் வண்டியில் பைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அரசின் மலையேற்ற இணையதளத்தில் சில பாதைகளை 'எளிது' என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பி இவர்களைக் கூட்டிப்போகலாமா? மதுரைப் பக்கம் எல்லாரும் சேர்ந்து நடக்கிற மாதிரி இடம் இருக்கிறதா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

அம்மாவும் அண்ணனும் பைகளோடு வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள் என்ற வரி மனதை உறுத்தியது. உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை இது. எந்த மலைக்கோயில் அடிவாரத்திலும் வேன் நிற்கும் இடத்தில் பாருங்கள், வீட்டுக்கு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று அவரேதான் சொல்லியிருப்பார். மேலே பாதை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பாதி வழியில் முடியாமல் போய் எல்லாருக்கும் தொந்தரவாகிவிடுவோமோ என்ற பயம்தான் அப்படிச் சொல்லவைக்கிறது. பாதையை முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிட்டால் பாதிப் பேராவது எழுந்து வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அரசின் பட்டியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகு, காட்டுக்குள் நடப்பதை ஒழுங்குபடுத்தவேண்டிய கட்டாயம் வந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று மூன்றாகப் பிரித்து, முன்பதிவும் வழிகாட்டிகளும் வைத்துத் திறந்தார்கள். மனமார வரவேற்கவேண்டிய வேலை. ஆனால் அந்த 'எளிது' நல்ல கால் உள்ளவருக்கு எளிது. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்பதைவிட உங்கள் அம்மாவுக்குத் தெரியவேண்டியவை வேறு. படி எவ்வளவு உயரம்? பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா? எங்கே உட்காரலாம்? எந்த இடத்திலிருந்து திரும்பினாலும் பார்த்த நிறைவு இருக்குமா? ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிக் கூட்டிப்போகாதீர்கள். முன்பதிவு செய்வதற்கு முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது மதுரைக்கு வருவோம். இந்த விஷயத்தில் உங்கள் ஊர் பாக்கியம் செய்த ஊர். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் பார்க்கவேண்டியவற்றில் பெரும்பகுதி உச்சியில் இல்லை. சமண முனிவர்கள் மழைக்கு ஒதுங்க இயற்கையான குகைத்தளம் எங்கே இருந்ததோ அங்கே தங்கினார்கள். ஊரிலிருந்து உணவு வரவேண்டும், பக்கத்தில் சுனை இருக்கவேண்டும். அதனால் கற்படுக்கைகளும் சிற்பங்களும் பெரும்பாலும் இடைமலையிலோ அதற்கும் கீழேயோ அமைந்துவிட்டன. பாண்டியர் பாறையில் குடைந்த குடைவரைக் கோயில்களில் பலவும் அப்படியே. உச்சிக்குப் போகாதவருக்கு இழப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

முதலில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். வண்டி அங்கேயே நிற்கும். அந்த ஆலமர நிழலில் மெதுவாக நடந்து குளக்கரைக்குப் போய்வருவதே அண்ணனுக்கு ஒரு நல்ல காலை. அங்கிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். பிள்ளைகள் அதற்கும் மேலே, பழைய சமணப் பள்ளியின் (துறவிகளின் மடம்) அடித்தளம் கிடக்கும் இடம்வரை ஓடிவிட்டு வரட்டும். மலையின் தென்மேற்குப் பக்கம் இருக்கிறது செட்டிப்புடவு. பேச்சிப்பள்ளம் அளவுக்கு ஏறவேண்டியதில்லை. குகை வாசலை ஒட்டிப் பாறையில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் உருவம் மதுரைச் சமணச் சிற்பங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே தலைக்கு மேலேயும் சிற்பங்கள் உண்டு. அம்மா ஒரே ஓர் இடம்தான் ஏறுவார் என்றால் அது செட்டிப்புடவாக இருக்கட்டும். மேற்குப் பார்த்த சரிவு, காலையில் வெயில் குறைவு.

அடுத்தது மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். அங்கே மலை ஏறவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கண்மாய்க் கரையில் நின்றாலே ராசாளிகளும் கழுகுகளும் பாறை விளிம்பைச் சுற்றுவதைப் பார்க்கலாம். ஒரு பைனாகுலர் இருந்தால் அண்ணன்தான் அன்றைக்கு வீட்டிலேயே அதிகம் பார்த்தவராக இருப்பார். குடைவரைச் சிவன் கோயில் மலையின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கிறது. அதன் முகப்பில் இருக்கும் இலகுலீசர் (சிவனின் அவதாரமாகக் கருதப்படும் பாசுபத சைவ ஆசான்) சிற்பம் தமிழகத்தில் அபூர்வம். ஒரே எச்சரிக்கை: கண்மாய்க் கரை மண் பாதை. மழை பெய்த மறுநாள் ஊன்றுகோல் புதையும், போகாதீர்கள். டங்ஸ்டன் சுரங்க ஏல அறிவிப்பு வந்தபோது ஊர்மக்கள் திரண்டு நின்றதால்தான் இந்த இடம் பிழைத்தது. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. போகும்போது ஊர்க்காரர்களிடம் பேசுங்கள். எந்தப் பக்கம் வண்டி கிட்டே போகும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை.

யானைமலையில் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நரசிங்கப் பெருமாள் குடைவரை, கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு, எல்லாம் கீழேயே இருக்கின்றன. உச்சிப் பாறை வழவழப்பானது. ஓடுகிற பிள்ளைகளை அங்கே விடுவது எனக்குச் சம்மதமில்லை.

கொஞ்சம் தூரம் போக முடியுமென்றால் பழனி. ஒரு மலையை எல்லாக் கால்களுக்கும் எப்படித் திறப்பது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 693 படிகள் ஒரு பக்கம். யானை ஏறுவதற்கென்று சரிவைக் குறைத்து, அகலமாக, வளைத்து வளைத்துப் போட்ட யானைப்பாதை இன்னொரு பக்கம். 1966இல் தண்டவாளத்தில் கம்பிவடம் இழுத்துச்செல்லும் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப்கார். எதிலும் ஏற விருப்பமில்லாதவர் மலையைச் சுற்றிக் கிரிவலப் பாதையில் நடக்கலாம். யானைப்பாதையின் அருமை முழங்கால் வலி உள்ளவர்களுக்குத்தான் தெரியும். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கஷ்டம். படியில் இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க ஒரே மூட்டில் விழுகிறது. ஆகவே அம்மாவை விஞ்சில் ஏற்றிவிட்டு, தெம்பிருந்தால் யானைப்பாதை வழியாக நிதானமாக நடத்தி இறக்குங்கள். கூட்ட நாட்களில் ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள் என்பதால் விசேஷ நாட்கள் வேண்டாம். ரோப்கார் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும், ஆண்டில் சில வாரங்களும் நிற்கும். கேட்டுவிட்டுப் போங்கள்.

நடக்கும்போது சில விஷயங்கள். அதிகம் சிரமப்படுபவர் முன்னால் போகவேண்டும். நம் ஊரில் நேர்மாறாகச் செய்கிறோம். வேகமானவர்கள் முன்னே போய் ஒரு மரத்தடியில் காத்திருப்பார்கள், பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வே தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு இல்லை. அம்மா முன்னால் நடந்தால் வேகத்தை அவர் தீர்மானிப்பார். பிள்ளைகளுக்கு அலுக்கும்தான். பாட்டிக்கு அடுத்து உட்கார இடம் எங்கே என்று பார்த்துவந்து சொல்கிற வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், ஓடவும் செய்வார்கள், உதவவும் செய்வார்கள்.

அம்மா கைத்தடி வைத்துக்கொள்வாரென்றால் அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். படி ஏறும்போது வலுவான கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். அண்ணனுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை, அம்மாவுக்கு அவரே கற்றுக்கொடுப்பார். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வெறும் பாறையில் அதுதான் பிடிமானம். விடிந்ததும் தொடங்கி, பாறை சூடாவதற்குள் இறங்கிவிடவேண்டும். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பாய்ந்தால் முதலில் தடுமாறுவது ஊன்றுகோல்காரர்தான்.

இந்த மலைகளைப் பராமரிக்கும் துறைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அடிவாரப் பலகையில் சின்னத்தின் காலத்தையும் அபராதத்தையும் எழுதுகிறீர்கள். அதன் கீழேயே இத்தனை படி, கைப்பிடி இந்த இடம்வரை, நிழல் இந்த இடத்தில், குடிநீர் உண்டு அல்லது இல்லை என்று நாலு வரி எழுதுங்கள். பழைய கல்லைத் தொடாமல், ஏறும் வழியில் ஓரிரண்டு கல் இருக்கைகள் போடுங்கள். பெரிய செலவில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் செட்டிப்புடவுக்குச் சாய்தளம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அது பாறையைக் கெடுக்கும். குளக்கரையில் சமதளமாக ஒரு பாதையும், அங்கிருந்தே சிற்பங்களைப் பெரிதாகப் பார்க்கும்படி நல்ல படங்களும் வைக்கலாமே. மலைக்கு வந்தும் மலையைப் பார்க்காமல் யாரும் திரும்பக்கூடாது.

போய்வந்ததும் எழுதுங்கள். செட்டிப்புடவுக்கு அம்மா எத்தனை இடத்தில் உட்கார்ந்தார், எந்தப் படி அவருக்கு உயரமாக இருந்தது, அண்ணனுக்கு எந்த இடத்தில் கைகொடுக்கவேண்டி வந்தது என்றெல்லாம் விவரமாக. இதே கேள்வியைக் கேட்கிற அடுத்த வீட்டுக்கு அதை அப்படியே அனுப்பிவைப்பேன்.