'ஷார்ட் ஹெட்' என்றால் எவ்வளவு தூரம்? குதிரைப் பந்தயம் பற்றி வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குதிரைப் பந்தயப் பேச்சைப் பற்றியவை. வர்ணனை புரியவில்லை, பந்தயப் புத்தகத்தைத் திறந்தால் எண்ணும் எழுத்துமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டும் சொற்களைவிடக் குதிரையைப் பற்றிய சொற்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவை பிடிபட்டால்தான் ஓட்டத்தில் என்ன நடந்தது என்று தெரியும்.

கேள்வி: 'நெக்', 'ஷார்ட் ஹெட்', 'இரண்டரை லெங்த்' என்கிறார்களே, இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் 8 அடி, அதாவது 2.4 மீட்டர். அதற்குக் கீழே முக்கால், அரை, நெக் (கழுத்தளவு), ஹெட் (தலையளவு), ஷார்ட் ஹெட், நோஸ் என்று சுருங்கிக்கொண்டே போகும். இப்போதெல்லாம் முன்னால் வந்த குதிரைக்கும் பின்னால் வந்ததற்கும் இடையில் எத்தனை நேரம் ஆனது என்று பார்த்து அதை லெங்த்தாக மாற்றுகிறார்கள். ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஐந்தாறு லெங்த். அப்படிக் கணக்குப் போட்டால் நெக் வித்தியாசம் என்பது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும். மறுபக்கம், 1973-இல் அமெரிக்காவின் பெல்மான்ட் ஸ்டேக்ஸில் செக்ரட்டேரியட் என்ற குதிரை 31 லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஏறக்குறைய 75 மீட்டர்! அந்த ஒன்றரை மைல் ஓட்டத்தை அது முடித்த நேரம் 2 நிமிடம் 24 விநாடி.

கேள்வி: ஃபோட்டோ ஃபினிஷ் படத்தில் குதிரைகளின் கால்கள் கோணல்மாணலாக, சில நேரம் இழுத்துவிட்டது போலத் தெரிவது ஏன்? கேமரா கோளாறா?

கோளாறு இல்லை, அந்தக் கேமரா வேலை செய்யும் விதமே அப்படித்தான். அது மைதானத்தைப் பார்ப்பதில்லை. முடிவுக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோட்டைக் கடப்பதை இழை இழையாகப் பதிந்து, அந்த இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நீங்கள் பார்க்கும் படம். ஆக அந்தப் படத்தில் இடது வலது என்பது தூரம் அல்ல, நேரம். கோட்டின் மேல் ஊன்றி நின்ற குளம்பு பல இழைகளில் பதிவாகி நீண்டுவிடும், வேகமாக வீசிய கால் ஒல்லியாகிவிடும். தீர்ப்புக்கு வேண்டியது மூக்கு நுனி மட்டும்தான், காலோ ஜாக்கியின் (குதிரையை ஓட்டுபவரின்) தலையோ கணக்கில் வராது. இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயம் முதன்முதலில் இப்படிப் படம் பார்த்து முடிவானது 1949-இல், ஜெயித்த குதிரை நிம்பஸ்.

படத்திலும் பிரிக்க முடியாவிட்டால் 'டெட் ஹீட்'. பழைய காலத்தில் சமனான இரண்டையும் அன்றைக்கே மறுபடி ஓடவிடுவார்கள், 1828 டெர்பியில் அப்படித்தான் நடந்தது. 1884 டெர்பியில் செயின்ட் கேட்டியனும் ஹார்வெஸ்டரும் சமனாக வந்தபோது உரிமையாளர்கள் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புக்கியிடம் (விலை சொல்லிப் பந்தயப் பணம் வாங்குபவரிடம்) பந்தயம் கட்டியவருக்கு, இரண்டு குதிரைகள் சமன் என்றால், கட்டியதில் பாதிக்கு மட்டும் முழு விலை (கட்டியதற்கு எத்தனை லாபம் என்ற கணக்கு, கீழே சொல்கிறேன்) கிடைக்கும், மீதிப் பாதி போய்விடும்.

கேள்வி: ஹேண்டிகேப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு ஏன் கூடுதல் எடை? திறமைக்குத் தண்டனை மாதிரி இல்லையா?

பலருக்கும் இந்த வருத்தம் உண்டு. ஆனால் டெர்பி போன்ற பெரிய கிளாசிக் பந்தயங்களில் இப்படி எடை ஏற்றுவதில்லை. அங்கே ஒரே வயதுக் குதிரைகள் ஏறக்குறைய ஒரே எடையோடு ஓடும், சிறந்தது ஜெயிக்கும். ஹேண்டிகேப் வேறு வகை. இதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார், அவருக்குப் பெயரே ஹேண்டிகேப்பர். ஒவ்வொரு குதிரையும் முன்பு எப்படி ஓடியது என்று பார்த்து அதற்கு ஒரு மதிப்பெண் போடுவார். 90 மதிப்பெண் குதிரையும் 80 மதிப்பெண் குதிரையும் மோதினால், பிரிட்டிஷ் கணக்குப்படி முதல் குதிரை 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ, கூடுதலாகச் சுமக்கும். எல்லாக் குதிரைகளும் ஒன்றாகவே கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் அவர் மனதில் இருக்கும் ஓட்டம், அப்படி ஒருநாளும் நடக்காது என்பது வேறு விஷயம்.

எடையும் தூரமும் எப்படிச் சேர்கின்றன என்றால், 5 ஃபர்லாங் ஓட்டத்தில் ஏறத்தாழ 3 பவுண்டு ஒரு லெங்த்துக்குச் சமம், ஒரு மைல் ஓட்டத்தில் 2 பவுண்டே போதும். (ஒரு ஃபர்லாங் 201 மீட்டர், எட்டு ஃபர்லாங் ஒரு மைல்.) தூரம் கூடக்கூட ஒவ்வொரு பவுண்டும் குதிரையை அதிகமாக அழுத்தும். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து எடை போதவில்லை என்றால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைப்பார்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவது இதற்காகத்தான், திரும்பி வரும்போது குறைந்தால் ஜெயித்த குதிரையும் பரிசை இழக்கலாம். பயிற்சி ஜாக்கிகளுக்குச் சில பவுண்டு சலுகை உண்டு, சிறிய பந்தயங்களில் அந்தச் சலுகையைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

அப்புறம் இதில் ஒரு தில்லுமுல்லுக்கும் இடம் இருக்கிறது. ஒத்துவராத தூரத்தில் நாலு தடவை ஓடவிட்டு மதிப்பெண்ணைக் கீழே இறக்கிவிட்டு, பிறகு சரியான தூரத்தில் லேசான எடையோடு இறக்குவது. ஹேண்டிகேப்பர் கண்ணில் மண்ணைத் தூவுவது. ஜாக்கி வேண்டுமென்றே கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதைத்தான் 'புல் பண்ணிட்டான்' என்கிறார்கள். இதைக் கண்காணிக்கத்தான் ஸ்டூவர்டுகள் என்ற பந்தய அதிகாரிகள், பிடிபட்டால் தடை. இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம், ஏனென்றால் அந்த ஓட்டத்தை நம்பிப் பார்த்தவர் எல்லாரும் ஏமாந்து நிற்கிறார்கள்.

கேள்வி: கோல்ட், ஃபில்லி, கெல்டிங்?

நான்கு வயது வரை ஆண் கோல்ட், பெண் ஃபில்லி. ஐந்திலிருந்து பெண் குதிரை மேர் ஆகிவிடும். காயடித்த ஆண் கெல்டிங். எப்சம் டெர்பியில் கெல்டிங் ஓட முடியாது, கென்டக்கி டெர்பியில் ஓடலாம். எப்சமில் ஃபில்லிகள் ஓடலாம், 3 பவுண்டு சலுகையும் உண்டு, ஆனால் 1916-இல் ஃபிஃபினெல்லா ஜெயித்ததற்குப் பிறகு அந்த டெர்பியில் எந்த ஃபில்லியும் ஜெயிக்கவில்லை. வயதுக் கணக்கும் தனி: வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் பிறந்தநாள் ஜனவரி 1, தெற்கே ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1. டிசம்பர் கடைசி நாளில் பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது என்பதால், அந்தச் சமயத்தில் குட்டி போடாதபடி பண்ணைக்காரர்கள் மிகக் கவனமாக இருப்பார்கள்.

கேள்வி: வர்ணனையில் 'பிரோக் டவுன்' என்று சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. என்ன அர்த்தம்?

ஓடும்போதே குதிரையின் கால் போய்விட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாண் கிழிந்திருக்கும், அல்லது எலும்பு முறிந்திருக்கும். ஐநூறு கிலோ எடையுள்ள உடம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் முழுப் பாரமும் ஒரே முன்னங்காலில் இறங்குகிறது. கட்டுப் போட்டு ஆற்றிவிட முடியாதா என்று கேட்பீர்கள். குதிரையை மாதக்கணக்கில் படுக்கவைக்க முடியாது. நல்ல கால்கள் கூடுதல் பாரம் தாங்கித் தாங்கி, அவற்றின் குளம்புக்குள் அழற்சி வந்துவிடும், லாமினைடிஸ் என்பார்கள். 2006 கென்டக்கி டெர்பியை ஜெயித்த பார்பரோ, இரண்டே வாரத்தில் ப்ரீக்னஸ் ஓட்டத்தில் பின்னங்கால் முறிந்து, அறுவை சிகிச்சை எல்லாம் செய்து, எட்டு மாதம் போராடியும் 2007 ஜனவரியில் இந்தக் குளம்பு நோயால்தான் கருணைக்கொலைக்கு ஆளானது. வர்ணனையில் இந்தச் சொல்லைக் கேட்டால் உங்கள் பந்தயத்தை விட்டுவிட்டு அந்தக் குதிரையைப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னும் இரண்டு: 'பிளீடர்' என்றால் கடுமையாக ஓடும்போது நுரையீரலில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வெடித்து ரத்தம் கசியும் குதிரை. 'ரோரர்' என்றால் மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும் குதிரை, குரல்வளையில், பெரும்பாலும் இடது பக்கம், நரம்பு வேலை செய்யாமல் போவதால் காற்று வழி சுருங்கிவிடுகிறது.

கேள்வி: 5/2 என்ற விலையை எப்படிப் படிப்பது?

2 வைத்தால் 5 லாபம், வைத்த 2-ம் திரும்பி வரும். ஜெயிக்கும் வாய்ப்பு என்ன என்று அந்த விலை சொல்வது 7-இல் 2, அதாவது 28.6 சதவீதம். சரி, இப்போது நான்கு குதிரை ஓடும் பந்தயத்தில் விலைகள் 6/4, 2/1, 3/1, 4/1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புகள் 40, 33.3, 25, 20. கூட்டினால் 118.3 வருகிறது, நியாயமாக 100-தான் வர வேண்டும். அந்தக் கூடுதல் 18.3-இல்தான் புக்கியின் பிழைப்பு இருக்கிறது. எந்தப் பந்தயத்தின் விலைப்பட்டியலையும் ஒருமுறை இப்படிக் கூட்டிப் பார்த்தபிறகு பணம் கட்டுவதா என்று முடிவு செய்யுங்கள்.

புக்கி இல்லாமல் பணம் கட்டும் 'டோட்' முறை வேறு. எல்லார் பணமும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, நடத்துபவரின் பங்கு போக மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரியும். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலேர் ஆரம்பித்துவைத்த முறை. கட்டும்போது உங்கள் விலை உங்களுக்குத் தெரியாது, கவுண்டர் மூடிய பிறகுதான் தெரியும்.

கேள்வி: 'மார்னிங் க்ளோரி', 'ஸ்டீமர்', 'நேப்'?

முதலாவது, காலைப் பயிற்சியில் பிரமாதமாக ஓடிவிட்டு மதியம் பந்தயத்தில் சோர்ந்துவிடும் குதிரை. ஸ்டீமர் என்பது பணம் குவிவதால் விலை மளமளவென்று குறையும் குதிரை, அதற்கு எதிர் ட்ரிஃப்டர். நேப் என்பது டிப்ஸ் கொடுப்பவர் 'இன்றைக்கு இதுதான்' என்று அடித்துச் சொல்லும் குதிரை. அவர் அடித்துச் சொல்வதால் குதிரையின் கால் வேகமாகாது. அதற்குப் பதில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களைப் படியுங்கள்: 30-142 என்றால் போன சீசனில் மூன்றாவது, அப்புறம் முதல் ஒன்பதுக்குள் வரவில்லை, இந்த சீசனில் முதலாவது, நான்காவது, கடைசி ஓட்டத்தில் இரண்டாவது. இதோடு தரை ஈரமா காய்ந்ததா என்பதையும் பாருங்கள், காய்ந்த தரையில் பறக்கும் குதிரை சேற்றில் கால் எடுக்கத் திணறும்.

கேள்வி: குதிரையின் உயரம் 15.3 ஹேண்ட் என்று இருந்தது. தசம எண்ணா?

இல்லை. ஒரு ஹேண்ட் 4 அங்குலம், எனவே 15.3 என்பது 15 ஹேண்டும் 3 அங்குலமும், மொத்தம் 63 அங்குலம். அடுத்து வருவது 16. அளப்பது தலை உச்சி வரை அல்ல, கழுத்தும் முதுகும் சேரும் மேடு வரை.