சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: டெக்சாஸில் கிரீன் கார்டில் வசிக்கிறோம். எங்கள் 17 வயது மகன் அமெரிக்க ராணுவச் சிறப்புப் படைகளில் போர்க்கள மருத்துவ வீரராக விரும்புகிறான். சாதாரண மெடிக்காக (ராணுவ மருத்துவ வீரராக) சேர்ந்தால் ஓராண்டில் மாறிவிடலாம் என்கிறார் ஆள்சேர்ப்பு அலுவலர். பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓராண்டு என்ற கணக்கே தவறு. அடிப்படைப் பயிற்சி 10 வாரம், சான் அன்டோனியோவில் மெடிக் பயிற்சி 16 வாரம், பாராசூட் பயிற்சி 3 வாரம், சிறப்புப் படைகளில் ஒன்றான ரேஞ்சர் படையின் தேர்வுப் பயிற்சி 8 வாரம். இவ்வளவையும் தாண்டியவர்களுக்கே வட கரோலினாவின் ஃபோர்ட் பிராகில் சுமார் 36 வார மருத்துவப் பயிற்சி. இடையில் காத்திருக்கும் மாதங்கள் தனி. எந்தக் கட்டத்தில் தவறினாலும், ராணுவம் தனக்கு ஆள் தேவைப்படும் இடத்துக்கு அவனை அனுப்பிவிடும்.

சேர்ந்தபின் அவன் எங்கே போவான் என்பதில் அந்த அலுவலருக்கு எந்த அதிகாரமும் இல்லை. மாதந்தோறும் இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவரை வைத்திருப்பது ராணுவம். வாய்மொழி வாக்குறுதிகள் அங்கிருந்தே பிறக்கின்றன. டிடி ஃபார்ம் 4 என்ற ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள். அதிலும் இணைப்புகளிலும் எழுதப்படாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்காமல் சுருக்கொப்பமிடுவது அந்த இடத்தில்தான். பெற்றோருக்குப் புரியும்படி இதை முதல் நாளே எடுத்துச் சொல்வதில் ராணுவத்துக்கு என்ன தயக்கமோ!

அதைவிடப் பெரிய தடை குடியுரிமை. ரேஞ்சர் படைக்கும், இன்னொரு சிறப்புப் படையான கிரீன் பெரே படைக்கும் அமெரிக்கக் குடிமகனாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மகன் 18 வயதை எட்டுமுன், அவனைத் தம் பொறுப்பில் உடன் வைத்திருக்கும் நீங்களோ உங்கள் துணைவரோ குடியுரிமை பெற்றுவிட்டால், கிரீன் கார்டு உள்ள அவன் தானாகவே குடிமகன் ஆகிவிடுவான். விண்ணப்பித்த தேதி கணக்கில் வராது. பெற்றோர் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் தேதியே கணக்கு. அவனுடைய 18வது பிறந்தநாளுக்கு மறுநாள் நீங்கள் உறுதிமொழி எடுத்தால் அவன் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமின்றி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் நம் குடும்பங்கள் பல, இந்த வாய்ப்பைத் தெரியாமலே இழக்கின்றன.

ஆகவே முதலில் குடியுரிமை, அதன்பின் மகன் பெயரில் அமெரிக்கப் பாஸ்போர்ட், அதற்கும் பிறகு ரேஞ்சர் தேர்வுக்கான வாய்ப்பு எழுத்தில் உள்ள ஒப்பந்தம். ராணுவத்தில் சேரக் கட்டணம் கிடையாது. தேர்வில் இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர் எவராயினும், ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.