தறியில் அச்சு, வண்டியில் அச்சு: ஒரே சொல்லா?

கேள்வி: கைவினைக் கருவிகளுக்கு ஒரு சிறு சொற்றொகுதி தயாரிக்கிறேன். நெசவாளர், அச்சகத்தார், வார்ப்புப் பட்டறையினர், மாட்டுவண்டி செய்யும் தச்சர் என்று எல்லோரிடமும் 'அச்சு' இருக்கிறது. ஒரே தலைச்சொல்லின் கீழ் எல்லாவற்றையும் போடலாமா, பிரிக்க வேண்டுமா?

பதில்: பிரியுங்கள். வண்டி அச்சுக்குத் தனிப் பதிவு. மற்ற மூன்றும் ஒரே பதிவில் இருக்கட்டும். தறி அச்சு மட்டும் கொஞ்சம் இடக்குப் பண்ணும், அதற்குப் பிறகு வருகிறேன்.

வண்டி அச்சு வடமொழி 'அக்ஷ' வழியாக வந்தது. லத்தீன் 'ஆக்ஸிஸ்', ஆங்கில 'ஆக்சில்' இரண்டும் அதன் தூரத்து உறவுகள். தமிழில் அது புதிதாகக் குடியேறிய சொல் என்று நினைத்துவிட வேண்டாம். மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது 475ஆம் குறள். 667ஆம் குறளில் தேரின் அச்சாணி வருகிறது. அச்சும் அச்சாணியும் வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: அச்சு, சக்கரங்களைத் தாங்கும் தண்டு, அச்சாணி, சக்கரம் கழன்று ஓடாமல் அதன் முனையில் செருகும் ஆணி. பூமியின் அச்சு, வரைபடத்தின் குறுக்கச்சு, இரண்டாம் உலகப் போரின் அச்சு நாடுகள் எல்லாம் இந்த வண்டியிலிருந்து இறங்கியவைதான். அச்சு நாடுகளுக்கும் அச்சகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொரு அச்சு, உருவத்தைப் பதிக்கும் அச்சு. கன்னடம், தெலுங்கு, மலையாளத்திலும் இதே வடிவில், இதே பொருளில் இருப்பதால் இதைத் திராவிடச் சொல்லாகக் கொள்கிறார்கள். உருக்கிய உலோகத்தை ஊற்றும் குழியும் அச்சு, துணியில் சாயம் ஒற்றும் மரக்கட்டையும் அச்சு. 'அச்சில் வார்த்தாற்போல' என்று ஒருவரைச் சொல்வது இந்தப் பட்டறைப் பேச்சிலிருந்து வந்ததே. கொங்குக் கல்வெட்டுகளில் 'ஆனையச்சு' என்று ஒரு காசின் பெயர் வரும். முத்திரை குத்திய பொருளுக்கே முத்திரையின் பெயர் ஏறிவிட்டது.

ஆகவே அச்சுக்கலை இங்கே வந்தபோது அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை. தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்து 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது. எழுத்து வார்ப்பதும் வார்ப்பு வேலைதானே. ஏற்கெனவே இருந்த சொல் அப்படியே பொருந்திக்கொண்டது. காலப்போக்கில் கருவி, செயல், விளைவு மூன்றும் 'அச்சு' ஆயின. உங்கள் தொகுதியில் இந்த மூன்றையும் உட்பொருள்களாக எண்ணிட்டுக் காட்டுங்கள்.

இனி தறி. இங்கே அச்சு என்பது சீப்பு மாதிரியான நீண்ட சட்டம். முன்பு மூங்கில் சிம்புகள், இப்போது எஃகுக் கம்பிகள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் அதன் பல்லிடுக்குகளில் நுழைந்து வரும். நூலைச் சுமந்து ஓடும் நாடா, குறுக்கு நூலான ஊடையைப் போட்டதும், அச்சை முன்னால் இழுத்து அந்த ஊடையை அடித்து நெருக்குவார்கள். இதில் எந்த உருவமும் பதிவதில்லை, சக்கரமும் சுழல்வதில்லை. பின் ஏன் வார்ப்பு அச்சோடு சேர்க்கிறேன்? பேரகராதிகள் அப்படித்தான் வைக்கின்றன. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பாவின் அகலத்தையும், ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதையும் தீர்மானிப்பது அச்சுதான். துணிக்கு அளவும் நெருக்கமும் கொடுக்கும் வார்ப்படம் என்று அதைப் பார்க்கலாம். இந்தப் பொருள் இணைப்பு என் ஊகம். அதனால் அதை விளக்கத்தில் எழுதாமல், 'நெசவு' என்ற துறைக்குறிப்போடு தனி உட்பொருளாக நிறுத்துங்கள்.

'அச்சுறுத்தல்' இந்தப் பக்கமே வர வேண்டாம். அது பயப்படுவதைக் குறிக்கும் 'அஞ்சு' குடும்பம். வடமொழி இலக்கண வழக்கில் உயிரெழுத்துக்கும் 'அச்சு' என்று பெயருண்டு. கருவிகளின் தொகுதி என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

வண்டி அச்சின் பதிவில் மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: மோட்டார்ப் பட்டறையில் இதையே 'ஆக்சில்' என்கிறார்கள். மெக்கானிக்கிடம் போய் அச்சு எங்கே என்று கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.