வெர்னாவின் நெற்றிப்பட்டையும் அப்பாவின் முழங்காலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2023 மார்ச்சில் வந்த தலைமுறை ஹூண்டாய் வெர்னா கார் வாங்கலாமென்று இருக்கிறோம். எனக்கு அதன் முகம் பிடித்திருக்கிறது. மனைவிக்கோ, புருவத்தை மழித்துவிட்டு நெற்றியில் பட்டை போட்ட மாதிரி இருக்கிறதாம். வெளியே வெள்ளை, உள்ளே பீஜ் என்பது உத்தேசம். பின்னிருக்கை அப்பாவுக்கு, ஆறடி உயரம், முழங்கால் வலி வேறு. என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பானெட் விளிம்பில் ஓடும் எல்இடி பட்டை வெறும் அடையாள விளக்கு. நிஜ ஹெட்லைட் பம்பரின் இரு மூலைகளுக்கு இறங்கிவிட்டது. அழகா இல்லையா என்பது அவரவர் ரசனை. எனக்கு உறுத்துவது அந்த இடம். நம் ஊர் பார்க்கிங்கில் முதல் இடி வாங்குவது பம்பர் மூலைதான். அங்கே வெறும் பிளாஸ்டிக் என்றால் பெயிண்டோடு போகும். விளக்கு இருந்தால் அதைத் தாங்கும் காது உடையும், பெரும்பாலும் முழு விளக்கையே மாற்றச் சொல்வார்கள். தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ‘பம்பர் டு பம்பர்’ இன்ஷூரன்ஸைத் தவிர்க்காதீர்கள்.

பக்கவாட்டில் மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. முந்தையதைவிட நீளம் 95 மிமீ கூடி 4,535 ஆகியிருக்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமான வீல்பேஸ் 70 கூடி 2,670. உயரமோ அதே 1,475. நீண்டு, தாழ்ந்து நிற்பதால்தான் செடான் செடானாகத் தெரிகிறது. கதவுகளில் ஓடும் கூரிய மடிப்புகள் நிழல் விழுந்தால்தான் எடுக்கும். உச்சி வெயிலில் வெள்ளை அவற்றை விழுங்கிவிடும். டைட்டன் கிரே நிற வண்டியை ஒருமுறை வெளியே நிறுத்திப் பாருங்கள். ஆனால் ஒன்று, மடிப்பின் மேலேயே டென்ட் விழுந்தால் பெயிண்ட் போகாமல் நிமிர்த்துவது கடினம். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று இழுக்கும்.

அந்த அழகுக்கு விலை கொடுப்பவர் அப்பா. கூரை பின்னால் சரிகிறது, இருக்கையும் தாழ்வு. ஷோரூமில் அவரை இருபது நிமிடமாவது உட்கார வையுங்கள். முதுகை முழுக்கச் சாய்த்தபின் தலைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும். பிறகு மூன்று முறை இறங்கி ஏறட்டும். மூன்றாம் முறை கதவுத் தூணைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொண்டு எழுந்தால், இந்த வண்டி அவருக்கு ஆகாது. டிக்கி 528 லிட்டர் என்பது நிஜம்தான். ஆனால் திறப்பு எவ்வளவு அகலம் என்பதை உங்கள் பெரிய பெட்டியை வைத்தே பாருங்கள்.

உள்ளே இரண்டு 10.25 அங்குலத் திரைகள் ஒரே சட்டத்தில், கண்ணுக்கு இதம். கீழே உள்ள பேனல்தான் வம்பு: ஒரே குமிழ்கள் ஏசிக்கும் பாட்டுக்கும் மாறி மாறி வேலை செய்யும். குளிரைக் குறைக்கப் போய் சத்தத்தைக் கூட்டிவிடுவீர்கள். டெஸ்ட் டிரைவில் ஓட்டிக்கொண்டே இதைச் செய்து பாருங்கள். மேல் வேரியன்ட்டில் முன் இருக்கைக்குக் காற்றோட்டமும் உண்டு, சூடேற்றமும் உண்டு. திருச்சியில் இரண்டாவது எதற்கோ!

பீஜ் தாராளமாக வாங்கலாம், கேபின் விசாலமாகத் தோன்றும். புது ஜீன்ஸின் நீலச் சாயம் இருக்கை விளிம்பிலும், தலை எண்ணெய் ஹெட்ரெஸ்ட்டிலும் ஏறும். கறை பழசாகும் முன், வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு மென்சோப்பு கலந்து, மைக்ரோஃபைபர் துணியைப் பிழிந்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், தின்னர் பக்கமே போக வேண்டாம்.