"அவங்க என்னம்மா தப்பு பண்ணாங்க?" – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்க சொன்னீங்கன்னு ஜப்பானிய அமெரிக்க எழுத்தாளர் யோஷிகோ உச்சிடாவோட 'ஜர்னி டு டோபாஸ்' நாவலை வாங்கி, என் பொண்ணுக்கு (9 வயசு) தினம் ராத்திரி தமிழ்ல சொல்லிட்டு வர்றேன். கதைல வர்ற பொண்ணு யூக்கியையும் அவ குடும்பத்தையும் வீட்டை விட்டுக் கெளப்பும்போது, அவ தன்னோட நாய் பெப்பரை விட்டுட்டுப் போற எடத்துல என் பொண்ணு ஒரே அழுகை. "அவங்க என்னம்மா தப்பு பண்ணாங்க"ன்னு கேட்டா, எனக்குப் பதில் வரல. இவ்ளோ சின்னப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லணுமா? மனசுல வெறுப்பு வந்துடாதா?

– ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,

ஒரு தப்பும் பண்ணலன்னு சொல்லுங்க. அதான் பதில், அதுக்கு மேல சுத்தி வளைக்க வேணாம். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட சண்டை நடந்தப்போ, 1942ல அமெரிக்காவுல சுமார் 1,20,000 பேரை, ஜப்பான் வம்சாவளிங்கற ஒரே காரணத்துக்காக வீட்டை விட்டுக் கெளப்பி முள்வேலிக்குள்ள வச்சாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். தப்புதான்னு அந்த அரசாங்கமே 1988ல சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் குடுத்துச்சு.

யூக்கிக்கு நடந்ததுல பாதி உச்சிடாவுக்கே நடந்தது. 1941 டிசம்பர்ல அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பர்ல ஜப்பான் குண்டு போட்ட அன்னிக்கே அவங்க அப்பாவை எஃப்பிஐ கூட்டிட்டுப் போயிடுச்சு. உச்சிடா அப்போ கலிஃபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டில கடைசி வருஷம் படிச்சிட்டிருந்தாங்க. அம்மா, அக்கா, இவங்க மூணு பேரையும் தற்காலிக கேம்ப்பா மாத்தின டான்ஃபோரான் ரேஸ் கோர்ஸ்ல ஒரு குதிரை லாயத்துல கொண்டுபோய் விட்டாங்க. பத்தடிக்கு இருபதடி, உள்ள மூணு மடக்குக் கட்டில் மட்டும், அவசர அவசரமா வெள்ளையடிச்ச சுவத்துல செத்த பூச்சிங்க அப்படியே சுண்ணாம்போட ஒட்டிக் கெடக்குது, குதிரை நாத்தம் வேற. படிச்சு வாங்குன பட்டம் அந்த லாயத்துக்குத்தான் தபால்ல வந்துச்சு. அவங்க சுயசரிதைல இதைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

புள்ளைங்களுக்குச் சொல்லணுமான்னு கேட்டீங்கல்ல, அவங்க எழுதுன இன்னொரு விஷயம் சொல்றேன். டான்ஃபோரான் கேம்ப்ல இருந்த நர்சரிப் புள்ளைங்க சொப்பு விளையாட்டு விளையாடும்போது சமைக்கிற மாதிரி, தட்டு வைக்கிற மாதிரி விளையாடவே இல்லையாம், வரிசையா மெஸ் க்யூல நிக்கிற மாதிரிதான் விளையாடுச்சாம். வீட்டுல சமைச்சுச் சாப்பிடுறதே அதுங்க விளையாட்டுல இருந்து போயிடுச்சு. மூணு நாலு வயசுப் புள்ளைங்களே இதை அனுபவிச்சிருக்கும்போது, ஒம்பது வயசுப் புள்ள கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

வெறுப்பு வரும்னு பயப்படாதீங்க. உச்சிடாவோட மொதல் புத்தகம் 1949ல வந்த ஜப்பான் நாட்டுப்புறக் கதைங்க, இந்த நாவல் வந்ததோ 1971ல, அவங்களுக்கு அப்போ கிட்டத்தட்ட அம்பது வயசு. அவ்ளோ வருஷம் மனசுல இருந்ததாலயோ என்னவோ, அதுல கத்தலே கெடையாது, பக்கத்து வீட்டு மிஸஸ் ஜேமிசன் மாதிரி நல்ல வெள்ளைக்காரங்களும் வர்றாங்க, எழுதுனது எல்லாம் நாய், பெட்டி, புழுதி, அம்மா முகம் இதைப் பத்திதான். உங்க பொண்ணு அழுதது யாரையோ வெறுத்து இல்லையே, பெப்பருக்காகத்தானே. அழட்டும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். யூக்கி குடும்பம் டான்ஃபோரான்ல இருந்து யூட்டா பாலைவனத்துல இருந்த டோபாஸ் கேம்ப்புக்குப் போனதுக்கப்புறம் வேலி ஓரமா ஒரு வயசான மனுசனைக் காவலாளி சுட்டுடுவான். அது கற்பனை மட்டும் இல்ல, 1943 ஏப்ரல்ல ஜேம்ஸ் வகாசாங்கற 63 வயசுக்காரர் அதே கேம்ப்ல அப்படித்தான் செத்தாரு, சுட்டவனைக் கோர்ட்ல விட்டுட்டாங்க. அந்த அத்தியாயத்தை மட்டும் தூங்கப் போற நேரத்துல சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம பகல்ல பக்கத்துல உக்கார வச்சு சொல்லுங்க, அவ எத்தனை கேள்வி கேட்டாலும் நேரம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா